ஒரு வீடு விட்டு ஒரு வீடு

நல்லமங்கைபுரத்தில் முதலில் கல்லூரி வந்ததா ஊர் வந்ததா என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் கல்லூரி நட்டநடுவில் இருக்க, ஊர் அதைச் சுற்றி நாலு பக்கமும் விரிந்து கிடந்தது, கிழக்கேயும் மேற்கேயும் நூல் பிடித்தது போல ஒரே நேராக ஓடுகிற சந்தைத் தெரு மட்டும் கல்லூரியின் ஒரு வாசல் வழியாக நுழைந்து மறுவாசல் வழியாக வெளியேறி, இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கல்லூரியில் கோடை விடுமுறை வந்தால் பையன்களும் பெண்களும் ஊருக்குப் போய்விட, தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இளம் ஆராய்ச்சியாளர்கள் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்குவார்கள். படிகம் வளர்க்கவும், வளர்த்த படிகத்துக்குள் எக்ஸ் கதிரை அனுப்பி, அது சிதறித் தெறிக்கும் புள்ளிகளைப் பார்த்து, உள்ளே வரிசை வரிசையாக அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று கண்டுபிடிக்கவும் அங்கே பயிற்சி கொடுத்தார்கள்.

அந்த வருஷம் வந்தவர்களில் ஒருத்தி எழிலரசி. திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள். வேலியோரத்தில் படரும் ஒரு கொடியின் வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்திருந்தாள், ஆனால் அந்தப் பொருளோ இரண்டு வருஷமாக எந்தக் கரைப்பானில் போட்டாலும், எந்தக் குளிரில் வைத்தாலும், பலாப்பழப் பிசின் போலக் குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டு படிகமாக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. அவளுடைய நெறியாளர் அந்தப் பொருளின் வடிவம் இதுதான் என்று கரும்பலகையில் என்றைக்கோ வரைந்துவிட்டார். "இதைப் படிகம் போட்டு நிரூபிச்சிடும்மா, கோடைக்குள்ள முடியலைன்னா தலைப்பை மாத்திடலாம்" என்று அவர் அன்பாகத்தான் சொன்னார், ஆனாலும் அந்த அன்பு எழிலின் வயிற்றில் கல்லாகக் கிடந்தது.

பயிற்சியை நடத்தியவர் பேராசிரியர் ஹெப்சிபா. பாளையங்கோட்டைக்காரர், பெரிய குரல், அதைவிடப் பெரிய சிரிப்பு. எழில் மணிக்கொரு தரம் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பதைக் கண்டு, "ஏம்மா, அதை ஒரு எடத்துல நிம்மதியா இருக்க விடேன், நீ பாக்கப் பாக்க அதுக்குக் கூச்சமா இருக்கும்லா" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் எல்லோருமாகப் பரோட்டா சாப்பிடப் போனார்கள், மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்த செய்யது மீரான் சொன்ன கதைகளுக்குச் சிரித்துச் சிரித்து எழில் இரண்டு வருஷத்தில் முதல் முறையாகத் தன் குப்பியை மறந்தே போனாள். மறுநாள் காலையில் மீரான்தான் ஜன்னல் ஓரத்திலிருந்து கத்தினான்.

"எழில், இங்க ஓடி வா! உன் குப்பியில என்னமோ மினுங்குது."

கடுகைவிடச் சின்னது. ஊசி முனையில் எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நைலான் வளையத்தில் ஏற்றி, எழில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எந்திரத்தில் பொருத்தினாள். ஹெப்சிபா தலையசைக்க, கதிர் பாய்ந்தது. கணினித் திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பூத்தன, திரையின் விளிம்பு வரை பூத்தன, அதற்கப்புறம் விளிம்பையும் தாண்டிப் போய்விட்டன.

அதே நேரத்தில், கல்லூரிக்கு வடக்கே முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் சண்முகவேல் துண்டை உதறிக் காயப்போடத் திரும்பியவர், தன் கடைச் சுவரில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வெளிச்சப் பொட்டு இருப்பதைப் பார்த்தார். நிலா வெளிச்சத்தைக் கிள்ளி ஒட்டியது போல இருந்தது. தொட்டால் சுடவில்லை, கையை வைத்து மறைத்தால் கையின் மேல் ஏறிக்கொண்டது, சுண்ணாம்பை அள்ளிப் பூசினால் சுண்ணாம்பின் மேல் வந்து உட்கார்ந்தது. அவர் வெளியே வந்து பக்கத்து வீட்டைப் பார்த்தார், அங்கேயும் ஒன்று, அதற்கடுத்த வீட்டில் கொஞ்சம் மங்கலாக ஒன்று, பள்ளிவாசல் சுவரில் ஒன்று, மாதா கோயில் மணிக்கூண்டில் ஒன்று, அம்மன் கோயில் மதிலில் ஒன்று, காவல் நிலையத்தில் லாக்கப்புக்கு உள்ளே ஒன்று, ஆட்டுக்கொட்டிலில் ஒன்று, இப்படி வரிசை வரிசையாக, வீட்டுக்கு வீடு, ஊர்க்கோடி வரைக்கும் வெளிச்சம் வந்து இறங்கியிருந்தது.

ஊர் கூடி கல்லூரி வாசலுக்கு வந்தது. ஹெப்சிபா எந்திரத்தை நிறுத்திப் பார்த்தார், வெளிச்சங்கள் போயின. மறுபடி இயக்கினார், அதே இடங்களில் வந்தன. கதிர்வீச்சு அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு நடந்துவிட்டு வந்து, "வெறும் வெளிச்சம்தான், ஒண்ணும் செய்யாது, எல்லாரும் போய்ச் சோத்துக்கு அரிசியைப் போடுங்க" என்றார். ஊர்த் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்படின்னா எரியட்டுமே, பாக்க நல்லாத்தான இருக்கு" என்றார். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது, ஏன் வந்தது எப்படி வந்தது என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யார் வீட்டில் வந்தது, எவ்வளவு வந்தது என்பதே பேசித் தீராத பேச்சாக இருந்தது.

புள்ளிகள் திரையில் அடங்காமல் ஊருக்குள் போய்விட்டபடியால் பயிற்சியும் ஊருக்குள் போனது. அணுக்கள் இருக்கும் இடம் தெரியவேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசம் என்று அளந்தாகவேண்டும். ஆகவே இளம் விஞ்ஞானிகள் ஆளுக்கொரு ஒளிமானியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கிளம்பினார்கள், "அக்கா, உள்ள வரலாமா, வெளிச்சம் அளக்கணும்" என்று கேட்டுக்கொண்டு வாசல் ஏறினார்கள், காப்பி குடிக்காமல் இறங்க எந்த வீடும் விடவில்லை. எழில் அந்த வெயிலில் கறுத்தாள், சிரிக்கப் பழகினாள், எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டு முறுக்கில் எள் அதிகம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துபோனது.

முதல் வாரத்திலேயே மீரான் ஒரு விஷயத்தைக் கவனித்தான். கல்லூரியை நடுவாக வைத்தால், வடகோடியில் ஒரு வீட்டில் எவ்வளவு வெளிச்சமோ அதே அளவு வெளிச்சம், நேர் எதிரே அதே தூரத்தில், தென்கோடியில் இன்னொரு வீட்டில் இருந்தது. படிகத்துக்கு இது இயல்பு என்று புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் ஊருக்கு அது புத்தகச் செய்தியாகப் படவில்லை. சண்முகவேலுக்குச் சோடி தெற்கே பேக்கரி வைத்திருக்கும் காசிம் வீடு என்று தெரிந்ததும், இத்தனை காலம் முகம் பார்த்துப் பேசியிராத சண்முகவேல் ஒரு சீப்பு நாட்டுப்பழத்தோடு காசிம் வீட்டுக்குப் போனார், காசிம் ஒரு தட்டு ரொட்டியோடு திரும்பி வந்தார். 'எதிர்வெளிச்சம்' என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. எதிர்வெளிச்ச வீட்டில் காய்ச்சல் என்றால் இந்த வீட்டில் கஞ்சி வைத்தார்கள், எதிர்வெளிச்ச வீட்டில் குழந்தை பிறந்தால் இந்த வீட்டில் சீனி வழங்கினார்கள், வாய்க்கால் தகராறில் பத்து வருஷமாகக் கோர்ட்டுக்கு நடந்த இரண்டு மச்சினன்மார் எதிர்வெளிச்சமாக அமைந்துவிட்டதில், இரண்டு பேரும் வக்கீலிடம் சொல்லிக்கொள்ளாமலே வழக்கை மறந்துவிட்டார்கள்.

ஆனால் வெளிச்சம் வந்த இடத்தில் பெருமையும் வந்தது. பளிச்சென்று உள்ள வீட்டுக்காரர்கள் விருந்தாளியை அந்தச் சுவருக்கு எதிரே உட்காரவைத்தார்கள். மங்கலாக உள்ளவர்கள், "மங்கல்னாலும் கண்ணுக்குக் குளிர்ச்சி" என்று சொல்லிக்கொண்டார்கள். ஒன்றுமே சொல்ல முடியாமல் இருந்தவர்கள் சந்தைத் தெருவில் சில வீட்டுக்காரர்கள்தான், ஏனென்றால் அவர்கள் வீட்டுக்கு வெளிச்சமே வரவில்லை.

அப்படி வெளிச்சம் வராத வீடுகளில் ஒன்று சங்கரவடிவின் வீடு. முன்பக்கம் 'வடிவு சவுண்டு சர்வீஸ்', பின்பக்கம் குடியிருப்பு. சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து முதல் கட்சிக் கூட்டம் வரை வடிவின் ஒலிபெருக்கி இல்லாமல் நடக்காது, குழாய் ஸ்பீக்கரைத் தோளில் தூக்கிக்கொண்டு தென்னை மரத்தில் ஏறிக் கட்டுகிற பெண்பிள்ளை அந்த மாவட்டத்திலேயே அவள் ஒருத்திதான். அவளுக்கு ஒரு தங்கை, முத்துச்செல்வி, நர்ஸ் வேலை பார்க்கிறாள். ஊர்க்கோடி அரிசி மில் வீட்டு ஆவுடையம்மாளின் மகன் நெல்லையப்பனுக்கு அவளைப் பேசி முடித்து, பூ வைக்கவும் நாள் பார்த்திருந்தார்கள். மில் வீட்டிலோ, ஊர்க்கோடியில் இருந்தும், பளீரென்று ஒரு வெளிச்சம். ஆவுடையம்மாள் ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: "வெளிச்சம் வராத வீட்டுல பொண்ணெடுக்க எல்லாரும் யோசிக்காவ. கொஞ்ச நாள் போகட்டும்."

முத்துச்செல்வி அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டு எப்போதும் போலத்தான் வந்தாள், ஆனால் இரவுச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வடிவு அதைப் பார்த்தாள். மறுநாள் காலையில் தன்னிடம் இருந்த பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் அத்தனையையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கல்லூரி மதிலோரம் லேபைப் பார்த்து அடுக்கி, அம்மன் கோயில் கொடைவிழா நையாண்டி மேளத்தை முழுச் சத்தத்தில் போட்டுவிட்டு, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தவில் அடிக்க அடிக்க வளையத்தில் இருந்த படிகம் நடுங்கியது. படிகம் நடுங்க, ஊரெங்கும் வெளிச்சங்கள் சுவரில் குதித்தன. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், வீட்டுக்கு வீடு வெளிச்சத்தோடு சேர்ந்து ஆடினார்கள், லாக்கப்பில் இருந்த கோழித் திருடன்கூட ஆடினானாம். ஆனால் ஒளிமானியில் முள் நிலைகொள்ளவில்லை. ஒரு அளவும் எடுக்க முடியவில்லை.

"போலீசுல சொல்லிரலாமா மேடம்?" என்றான் பயிற்சிக்கு வந்த ஒருவன்.

"வேண்டாம்," என்றாள் எழில். "என் படிகத்தாலதான் அவங்க வீட்டுக் கல்யாணம் நின்னிருக்கு. நான் போய்ப் பேசறேன்."

தவில் சத்தத்தை நோக்கி அவள் வேகமாக நடந்தாள். அளக்காத புள்ளிகள் இன்னும் பாதி ஊருக்கு இருந்தன, கோடையோ முடியப்போகிறது, கதிரில் நின்று நின்று படிகமும் எத்தனை நாள் தாங்குமோ தெரியாது. வடிவு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தாள்.

"நீதான் அந்தக் கல்லுக்காரியா?"

"ஆமாக்கா."

"எங்க வீடு மட்டும் உன் கல்லுக்கு என்ன கெடுதல் செஞ்சிச்சு? ஒளிக்காம சொல்லு."

"எனக்குத் தெரியலக்கா," என்றாள் எழில். அதுதான் உண்மை. "நாங்க அளக்கத் தவறிட்டோமோன்னு நெனச்சோம். வாங்க, ஒரு தடவ சேர்ந்து பார்த்துடுவோம்."

இருவரும் கல்லூரி வாசலிலிருந்து சந்தைத் தெருவில் கிழக்கே நடந்தார்கள். வடிவு ஒவ்வொரு வீடாகக் கையைக் காட்டிப் பொருமிக்கொண்டே வந்தாள். "முதல் வீடு, செல்லப்பா டெய்லர் வீடு, இல்லை. அடுத்த வீடு, ராஜம்மா டீச்சர் வீடு, இருக்கு. அடுத்தது எங்க வீடு, இல்லை. பக்கத்துல உரக்கடை, இருக்கு. அதுக்கடுத்து இசக்கி வீடு, இல்லை. அதுக்கடுத்து பாத்திரக்கடை, இருக்கு, அவனுக்கென்ன, ஜோரா இருக்கு..."

எழில் நின்றுவிட்டாள்.

"அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? இல்லை, இருக்கு, இல்லை, இருக்கு, இல்லை..." என்று எரிச்சலோடு தொடங்கிய வடிவின் குரல் தானாகவே மெதுவானது. "ஒரு வீடு விட்டு ஒரு வீடுல்லா வந்திருக்கு."

எழில் ஓட ஆரம்பித்தாள், செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைக்கூடப் பார்க்காமல் தெருக்கோடி வரை ஓடினாள். இல்லை, இருக்கு, இல்லை, இருக்கு. திரும்பி வந்து கல்லூரியைக் கடந்து மேற்கே ஓடினாள், அங்கேயும் அப்படியேதான். மற்ற எந்தத் தெருவிலும் இந்த ஒழுங்கு இல்லை, இந்த ஒரு நேர்த் தெருவில் மட்டும்தான். மூச்சிரைக்கத் திரும்பி வந்து அவள் வடிவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள், அவள் கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு, வடிவுக்கு இந்தப் பெண்ணுக்கு வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று பயமாகிவிட்டது.

"அக்கா, உங்ககிட்ட ஒரே மாதிரி ரெண்டு பெட்டி ஸ்பீக்கர் இருக்கா? ஒரே சீரா 'ம்'முனு ஒரு சத்தம் மட்டும் போட முடியுமா?"

"அதுக்கென்ன, முடியும்."

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒண்ணுல மட்டும் பின்னாடி வயரை மாத்திக் கொடுங்க."

வடிவு புருவத்தைச் சுருக்கினாள். "மாத்திக் குடுத்தா சத்தம் செத்துல்லா போவும்? புதுசா வேலைக்கு வாற பயலுவ செய்யற தப்பு அது. ரெண்டு பெட்டியும் அலறும், எதுக்க உக்காந்திருக்கவனுக்கு ஒண்ணும் கேக்காது."

"ஏன் கேக்காது?"

"ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும். ரெண்டும் சரிக்குச் சரி போயிரும்."

"அதேதான்க்கா உங்க வீட்டுல நடந்திருக்கு," என்றாள் எழில். "கல்லுக்குள்ள என் பொருள் மாடிப்படி மாதிரி ஏறிப் போகுது. ஒரு படியில ஒண்ணு இந்தப் பக்கம் பாத்து நிக்குது, அடுத்த படியில ஒண்ணு அரைச் சுத்து திரும்பி நிக்குது, அதுக்கடுத்தது மறுபடியும் அரைச் சுத்து. இந்தச் சந்தைத் தெரு அந்தப் படிக்கு நேரா போற தெரு. உங்க வீட்டுக்குக் கீழ்ப்படியிலேர்ந்து ஒரு வெளிச்சம் வருது, மேல்படியிலேர்ந்து ஒரு வெளிச்சம் வருது, ஒண்ணு தள்ளுது, இன்னொண்ணு இழுக்குது. பக்கத்து வீட்டுக்குப் போகும்போது ரெண்டும் சேர்ந்து தள்ளுது. அவ்வளவுதான்."

வடிவு கடைக்குள் போய், மதிலோரம் கொண்டுபோகாமல் விட்டிருந்த இரண்டு சின்னப் பெட்டிகளை இழுத்து வந்து நடுத்தெருவில் வைத்து, ஒன்றில் வயரை மாற்றிக் கொடுத்து, சத்தம் போட்டாள். பெட்டிகளின் காகிதக் கூம்பு படபடவென்று துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது, எதிரே நின்றவர்கள் காதுக்கோ எங்கோ தூரத்தில் வண்டு பறப்பது போலத்தான் இருந்தது. வயரைச் சரியாக மாற்றியதும் 'ம்' என்று ஒரு முழக்கம் எழுந்து உரக்கடையின் ஷட்டர் அதிர்ந்தது. அவள் மறுபடி மாற்றினாள், மறுபடி சத்தம் அடங்கியது. கூட்டம் கூடிவிட்டது. செல்லப்பா டெய்லர் குனிந்து பெட்டியில் கைவைத்துப் பார்த்து, "உள்ள ஓடுதுப்பா" என்றார்.

"அப்போ எங்க வீட்டுக்கு வெளிச்சம் வரலைன்னு இல்ல," என்றாள் வடிவு.

"ரெண்டு தடவ வந்திருக்குக்கா. வந்து நின்னு ஒண்ணை ஒண்ணு அணைச்சிருக்கு. உங்க வீடும் எரிஞ்சிருந்தா உள்ள படி இருக்குன்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நாங்க இத்தனை நாளா இருக்கற வெளிச்சத்தையே அளந்துட்டு இருந்தோம், இல்லாததை யாரும் கேக்கல. நீங்க வந்து கேட்டீங்க."

வடிவு சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போ, போயி அளந்து முடி. எவனாவது எடத்துல அசைஞ்சான்னா எங்கிட்டச் சொல்லு."

அன்று சாயங்காலமே ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு அவள் ஊரைச் சுற்றி வந்தாள். "பெரியோர்களே, தாய்மார்களே, சந்தைத் தெரு இருட்டு வீடுகளுக்கு வெளிச்சம் ரெட்டையா வந்திருக்கு என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று அவள் குரல் ஊர்க்கோடி வரைக்கும் போனது. மறுநாள் இருட்டு வீட்டுக்காரர்கள் வெளிச்சம் இல்லாத அந்த இடத்தைச் சுற்றிச் சுவரில் மாக்கோலம் போட்டார்கள். பார்க்க வந்த வெளியூர்க்காரர்களும் வெளிச்ச வீடுகளை விட்டுவிட்டு வெற்றுச் சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ராஜம்மா டீச்சர் தன் வீட்டு வெளிச்சத்தின் மேல் காலண்டரை மாட்டிவைத்து, "எங்க வீட்டுலயும் இல்ல" என்று சொல்லிப் பார்த்தார், வெளிச்சம் காலண்டரின் மேல் ஏறி ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்துகொண்டு அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

அந்த வாரமே ஆவுடையம்மாள் மகனையும் கூட்டிக்கொண்டு தாம்பாளத்தில் பூவும் பழமுமாக வந்து இறங்கினாள். சங்கரவடிவு தங்கையைப் பார்த்தாள். முத்துச்செல்வி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கோபம் இல்லாமல், நோயாளியிடம் பேசுகிற அதே பதமான குரலில் சொன்னாள்:

"அத்தை, வெளிச்சம் இல்லைன்னு போனீங்க, ரெட்டை வெளிச்சம்னு வந்திருக்கீங்க. இந்த வெளிச்சம் எல்லாம் போன பொறவு ஒருநாள் வாங்க. அன்னைக்கும் எங்க வீட்டுக்கு வரணும்னு தோணுச்சுன்னா பேசுவோம்."

ஆவுடையம்மாள் தாம்பாளத்தோடு திரும்பிப் போனாள். பின்னால் நின்ற நெல்லையப்பன் மட்டும் போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, "நான் வருவேன்" என்று வாய்க்குள்ளேயே சொன்னதை, வடிவைப் பார்க்க வந்திருந்த எழில் பார்த்தாள்.

ஊர் முழுக்க அளந்து முடிந்தது. படிக்கட்டு இருக்கிறது என்று தெரிந்த பின் மீதி வேலை சிக்கலாக இருந்தாலும் கைகூடும் வேலையாக இருந்தது, எழிலும் மீரானும் கணினி முன் உட்கார்ந்து கணக்குப் போட்டு, தப்பாகிப் போய், மறுபடி போட்டு, வாய்த்தகராறு செய்து, டீ குடித்து, மறுபடி உட்கார்ந்தார்கள். ஒரு மத்தியானம் திரையில் மூட்டத்துக்குள்ளிருந்து மலை தெரிவது போல அணுக்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, இங்கே ஒரு வளையம், அங்கே ஒரு வளையம், இரண்டையும் இணைக்கும் பாலம். எழில் பார்த்துக்கொண்டே இருந்தவள் மெல்லச் சொன்னாள்:

"மீரான், பாலம் வேற இடத்துல இருக்கு. எங்க சார் வரைஞ்சது இது இல்ல."

"அப்படின்னா சார்ட்டச் சொல்லு."

"நீ சொல்லேன்."

"என் வளையமா அது?" என்று போனை எடுத்து அவள் கையில் வைத்தான் மீரான்.

எழில் வராந்தாவில் நடந்துகொண்டே பேசினாள். "சார், படிகம் வந்துடுச்சு. கட்டமைப்பும் வந்துடுச்சு. ஆனா சார்... நீங்க போர்டுல போட்ட படம் தப்பு சார்." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு பெட்டியில் யாரோ வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று அவளுக்குத் தோன்றியது. அப்புறம் நெறியாளர் கேட்டார்: "பாலம் எங்கம்மா இருக்கு?" அவள் சொன்னாள். அவர் "அடடா! அதான் அந்தப் பொருள் அப்படிப் பிடிவாதம் பிடிச்சிருக்கு" என்று கடகடவென்று சிரித்தார். அவர் சிரித்து எழில் அதுவரை கேட்டதே இல்லை. அவள் வயிற்றிலிருந்த கல் எப்போது இறங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை, இல்லை என்று மட்டும் தெரிந்தது.

பயிற்சி முடிகிற நாளன்று காலையில் படிகம் களைத்துவிட்டது. எக்ஸ் கதிரில் நின்ற படிகம் எல்லாம் ஒருநாள் களைக்கும், களைக்கும்போது வெளியோரத்துப் புள்ளிகள்தான் முதலில் மங்கும். ஆகவே ஊர்க்கோடி வீடுகளில் முதலில் வெளிச்சம் போனது. அரிசி மில் வீட்டில் ஆவுடையம்மாள் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அது கண் சிமிட்டிவிட்டு மறைந்தது. அவள் கொஞ்ச நேரம் வெற்றுச் சுவரைப் பார்த்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, வெளிச்சம் இன்னும் இருக்கிற அடுத்த தெருவுக்கு நடந்தாள். அந்தத் தெருவிலும் வெளிச்சம் போனதும் அங்கே இருந்தவர்களும் அவளோடு கிளம்பினார்கள். இப்படி வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும், இருந்த சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர் உள்ளே உள்ளே வந்துகொண்டே இருந்தது. யாரும் அழவில்லை. எதிர்வெளிச்ச வீட்டுக்காரர்கள் வழியில் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்துச் சேர்ந்து நடந்தார்கள். சண்முகவேலும் காசிமும் ஒரே குடையில் வந்தார்கள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஊரில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை, எல்லோரும் கல்லூரி மைதானத்தில் இருந்தார்கள். கடைசி வெளிச்சம் லேபை ஒட்டிய வேப்பமரத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனது. உடனே ஆவுடையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தாம்பாளம் இல்லாமல், பூ இல்லாமல், நடந்து வந்த புழுதிக் காலோடு முத்துச்செல்வியின் முன்னால் நின்றாள்.

"எல்லா வெளிச்சமும் போயிட்டு. எனக்கு உங்க வீட்டுக்கு வரணும்னுதான் தோணுது. தண்ணி குடுப்பியா?"

முத்துச்செல்வி அத்தையைப் பார்த்தாள், பின்னால் மூச்சுவாங்கிக்கொண்டு நிற்கும் நெல்லையப்பனைப் பார்த்தாள், சொம்பை எடுத்து நீட்டினாள். வடிவு மைக்கைப் பிடித்து, கல்யாணத்துக்கு எல்லோரும் வந்துவிட வேண்டும், தனியாக யாருக்கும் அழைப்பு கிடையாது என்று அறிவித்தாள். மைதானம் கைதட்டி ஓய்வதற்குள், எழில் வளையத்தோடு படிகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லேப் படிக்கட்டில் நின்றாள்.

"இதுதான் எல்லாத்தையும் செஞ்சது," என்று மணப்பெண்ணைப் படிக்குக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எங்க? காணலையே," என்று முத்துச்செல்வி முகத்தைக் கிட்டே கொண்டுபோய், கண்ணை இடுக்கி, வேப்பம்பூ வாசத்தில் மூக்கு அரித்து, ஒரே ஒரு தும்மல் போட்டாள்.

வளையத்தில் படிகம் இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு என்றால் எழில் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். இப்போது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. ஆனால் வடிவு விடுகிற ஆள் இல்லை. "யாரும் அசையக் கூடாது!" என்று அவள் குரல் ஸ்பீக்கரில் இடி போல இறங்கியது. "எழிலோட கல்லு கீழ விழுந்துட்டு! தூக்குன காலைத் தூக்குனபடி வைங்க! மிதிச்சிராதீங்க!"

ஊர் நின்றது. விழுந்துவிடாமல் இருக்க ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவர் தோளில் ஒரு கையையும் பக்கத்தில் நிற்பவர் தோளில் ஒரு கையையும் வைத்துக்கொண்டார்கள். மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, காசிமும் சண்முகவேலும் ராஜம்மா டீச்சரும் ஆவுடையம்மாளும் அந்த இரண்டு மச்சினன்மாரும், ஒரே இடைவெளியில், வரிசை வரிசையாக, ஒற்றைக் காலில் நின்றார்கள். லேப் படிக்கட்டின் மேலிருந்து பார்த்த எழிலுக்குச் சிரிப்பு அடங்கிப் போனது. பக்கத்தில் நின்ற பேராசிரியர் ஹெப்சிபா அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

அப்போது கூட்டத்தின் நடுவில் எங்கோ செல்லப்பா டெய்லருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. "ஏ, நான் விழப்போறேன்!" என்றார் அவர். அவர் தோளைப் பிடித்திருந்தவர்களும், அவர்கள் தோளைப் பிடித்திருந்தவர்களும், அப்படியே மைதானத்தின் கடைசி வரிசை வரைக்கும், சிரித்துக்கொண்டே சாய்ந்தார்கள்.